அய்யாக்கண்ணுக்குத் தண்ணி கொடுக்காத ஊர்

கல்லுக்குள்ள தண்ணி இருக்குன்னு வெளியூர்க்காரன்கிட்டச் சொல்லிப் பாருங்க, மருள் வந்து ஆடுறவனப் பாக்குற மாதிரி ஒரு பார்வை பாப்பான். வெள்ளைமேட்டுல பல்லு மொளைக்காத புள்ளைக்குக்கூட அது தெரியும். அந்த ஊர்ல கெணறு தோண்டுனா தண்ணி வராது, ஜிப்சம் கல்லுதான் வரும். மங்கின கண்ணாடி மாதிரி, நகத்தால கீறுனாலே கோடு விழுற கல்லு. அதப் பொடியாக்கி, சூளைமேல ஏத்தி வச்ச பெரிய இரும்புச் சட்டியில கொட்டி வறுத்தா, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாமலே பொடி தளபுளன்னு கொதிக்கும், ஆவி கெளம்பும், சட்டிக்கு மேல குனிஞ்சவன் மூஞ்சி நனையும். உள்ள குடியிருந்த தண்ணியில முக்காவாசி மூட்டை முடிச்சக் கட்டிக்கிட்டுப் போவுதுன்னு அர்த்தம். கொதி அடங்கினதும் சட்டிய இறக்கிடணும். அதுதான் மாவு. அந்த மாவுல தண்ணிய ஊத்திட்டீங்கன்னா, போன தண்ணி வூட்டுக்குத் திரும்பி வந்துட்ட சந்தோசத்துல அது சூடாகி, கொஞ்சம் உப்பி, இறுகி, பழையபடி கல்லாயிடும். கை ஒடிஞ்சவனுக்கு மாவுக்கட்டா, பள்ளிக்கூடத்துக்குச் சாக்பீஸா, காசுக்காரன் வூட்டு மச்சுல பூவும் கொடியுமா அது ஊர் ஊராப் போவும். அவசரப்பட்டு முன்னாடியே இறக்கினா பச்ச மாவு, புடிக்காது. அசந்து போயி கூடுதலா வறுத்துட்டா உள்ள இருக்குற கடைசி ஈரமும் போயிரும், அதுக்குப் பேரு செத்த மாவு. காவேரியவே திருப்பி விட்டாலும் அது கல்லாவாது, சேறாத்தான் கெடக்கும்.

இதெல்லாம் தண்ணி பட்ட பாடா இருந்த ஊரு அது. அதனாலதான், சித்திரை மாசத்து ஒரு சாயங்காலம், சூளையில சட்டி வறுக்குற அய்யாக்கண்ணு வேலை முடிஞ்சு வந்து வாசப்படியில உக்காந்து ஒரு சொம்புத் தண்ணி குடிச்சதும் அவரு எடது காலு சுண்டுவெரலு வெதுவெதுன்னு சூடாகி, லேசா உப்பி, கண்ணு பாக்கப் பாக்க வெள்ளக் கல்லா மாறினப்ப, ஊரு வாயப் பொளக்கல. எப்பிடி ஆச்சு, ஏன் ஆச்சுன்னு கேக்குறவங்க கேட்டுக்கிட்டே இருக்கட்டும். அவரு பொண்டாட்டி பூவாயி கேக்கல. அவ வெரல ஒரு தட்டு தட்டிப் பாத்தா, கணீர்னு சத்தம் வந்துச்சு.

"என்னங்க இது, புடிச்சிருச்சு?"ன்னா.

"ஆமா புள்ள, நல்லாத்தான் புடிச்சிருக்கு"ன்னாரு அய்யாக்கண்ணு. வேலைக்காரன் பேச்சு அப்பிடித்தான இருக்கும்.

மறுநாளு காலையில நீராகாரம் குடிச்சாரு, கட்டவெரலு வரைக்கும் வந்துருச்சு. மத்தியானம் மோர், பாதம் முழுக்கப் போச்சு. குடிக்கிற தண்ணி எதுவும் வயித்துல தங்காம, நேரா ஒடம்போட கடைக்கோடிக்கு ஓடிப் போயி அங்கன கல்லா ஒக்காந்துக்குது, அடுத்த தண்ணி அதுக்கு மேல ஒக்காந்துக்குதுன்னு பூவாயி அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டா. இருவது வருசத்துக்கு மேல சட்டிக்கு முன்னாடி நின்னு வறுத்த மனுசன், வறுத்ததோட சேந்து அவரும் வறுபட்டுட்டாரு, இப்ப தண்ணி பட்டா இறுவுறாரு. வழக்கு இவ்வளவுதான். அன்னிக்குச் சாயங்காலம் அவ தண்ணிக்கொடத்தத் தூக்கி அடுத்த வூட்டு ராசாம்பாகிட்டக் குடுத்துட்டு, திரும்பி வந்து புருசன் முன்னாடி ஒக்காந்து அழுதா. அழுத கண்ணீரு அவரு மேல பட்டுருமோன்னு எந்திரிச்சுப் போயி, சொவத்தப் பாத்துக்கிட்டு அழுதா.

தண்ணி குடுத்தா கல்லாயிருவாரு, குடுக்கலன்னா செத்துருவாரு. ஒரு பொம்பளைக்கு இதவிடக் கொடுமையான கணக்கு எவனாவது போட முடியுமா, சொல்லுங்க பாப்போம்.

ஊரு கூடுச்சு. வெள்ளைமேட்டு ஊரு கூடுனா வைத்தியனக் கூப்புடலாமான்னு பேசாது, மாவு எப்பிடி நடந்துக்கும்னுதான் பேசும். சூளை மேஸ்திரி பிச்சப்புள்ள அய்யாக்கண்ணோட காலத் தட்டிப் பாத்து, கீறிப் பாத்து, பொடிய நாக்குல வச்சுப் பாத்துட்டு, "சரக்கு தரமா இருக்கு, நம்ம சூளை மாவேதான்"ன்னாரு. "உப்பு ஆவாது ஆத்தா. உப்பப் போட்டா மாவு வெடுக்குனு இறுகிரும். எலுமிச்சம்பழம் புழிஞ்சு விடு, மெதுவாப் புடிக்கும். நாம அச்சு ஊத்துறப்ப நேரம் வேணும்னா அதான பண்ணுறோம்?"

அன்னியிலேருந்து அய்யாக்கண்ணுக்கு உப்பில்லாத கஞ்சி, அதுவும் கரண்டிக் கணக்குல, எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு. வூடு தவறாம பழம் வந்துச்சு. கொல்லையில எலுமிச்ச மரம் வச்சிருந்தவங்கல்லாம் காயின்னு பாக்காம பிஞ்சுன்னு பாக்காமப் பறிச்சு அனுப்புனாங்க. கஞ்சி குடிச்ச அன்னிக்கு நூலளவு ஏறும், குடிக்காத அன்னிக்கு ஏறாது. மனுசன் ஒதடு வெடிச்சு, நாக்கு ஒட்டி, பேசுனா வாயிலேருந்து பொடி பறந்துச்சு.

தண்ணியக் கண்ணுல காட்டக்கூடாதுன்னு ஊரு முடிவு பண்ணுச்சு. அத முடிவுன்னு சொல்லக்கூட முடியாது, தானா நடந்துச்சு. கொடம் தூக்கிப் போற பொம்பளைங்க அய்யாக்கண்ணு வூட்டுப் பக்கம் வந்ததும் கொடத்த முந்தானையால மூடிக்கிட்டு, எழவு வூட்டுக்குப் போறவங்க மாதிரி சத்தமில்லாம நடந்தாங்க, டீக்கடைக்காரரு கெளாஸ் கழுவுற எடத்தக் கடைக்குப் பின்னாடி மாத்திக்கிட்டாரு, மாரியம்மன் கோயில் பூசாரி அவருக்கு மட்டும் துன்னூறு குடுத்துட்டுத் தீர்த்தச் சொம்பப் பின்னால மறைச்சுக்கிட்டாரு, அந்தத் தெருவுல துணி தொவைக்கக் கூடாது, வாசத் தெளிக்கக் கூடாது, புதுசா வந்த மருமவளுவளுக்கு மொத நாளே இதச் சொல்லித் தந்தாங்க, குழாயில தண்ணி வர்ற நேரத்துல எவளும் எவளையும் ஏசுறதில்ல, ஏசுனா சத்தம் கேட்டு அந்த மனுசனுக்குத் தண்ணி நெனப்பு வந்துருமாம். தலைமொறை தலைமொறையாக் குழாயடியில மயிரப் புடிச்சு இழுத்துக்கிட்ட ஊரு, அய்யாக்கண்ணு புண்ணியத்துல வரிசையில நின்னுச்சு.

கல்லு கணுக்கால் தாண்டினப்ப, ராசாம்பா புருசன் வண்டியில ஏத்திக்கிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. டாக்டரு நல்ல மனுசன். கால ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, "இவ்வளவு நேர்த்தியா யாரும்மா மாவுக்கட்டுப் போட்டது?"ன்னு கேட்டாரு. பூவாயிக்குப் பெருமைப்படுறதா அழுவுறதான்னு தெரியல. அப்புறம் அவரு அய்யாக்கண்ணோட கண்ணையும் நாக்கையும் பாத்துப் பதறிப் போயி, "ஒடம்புல தண்ணியே இல்லையே, உடனே குளுக்கோஸ் ஏத்தணும், உப்புத்தண்ணி பாட்டில் கொண்டா"ன்னு நர்ஸக் கூப்புட்டாரு பாருங்க, உப்புன்னு கேட்டதும் பூவாயி வீல்னு கத்த, ராசாம்பா புருசன் அய்யாக்கண்ண அப்பிடியே தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வெளிய ஓடியாந்துட்டாரு. டாக்டரச் சொல்லிக் குத்தமில்ல. அவரு படிச்சது மனுசன.

கல்லு முட்டி வரைக்கும் வந்தப்ப, பிச்சப்புள்ள மேஸ்திரிக்கு ஒரு யோசன வந்துச்சு. வெள்ளைமேட்டுக்காரனுக்குத் தவிர வேற எவனுக்கும் அப்பிடி ஒரு யோசன வந்துருக்காது.

"பூவாயி, இவரு பதமா வறுபட்ட மாவா இருக்கப் போயித்தான தண்ணிய இழுக்குறாரு? முழுசா வறுத்துட்டா? செத்த மாவுக்குத் தண்ணி ஊத்துனா ஒண்ணும் ஆவாதுல்ல? அப்புறம் கொடங்கொடமாக் குடிக்கலாம், எவன் கேக்கப்போறான்?"

ஊரே ஆமா ஆமான்னுச்சு. எப்பிடி நமக்கு இது தோணாமப் போச்சுன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. பூவாயிக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு, பொய் சொல்லக்கூடாது. கட்டிலோட தூக்கிட்டுப் போயி சூளை வாய்க்குப் பக்கத்துல அவர உக்கார வச்சாங்க. புகையில கரியாக் கருவிடாம, எரிஞ்சு போயிடாம, பக்குவமா, தள்ளி வச்சும் கிட்ட வச்சும் ஊரே மொறை போட்டுக் காய்ச்சுச்சு. பொறந்த புள்ளைக்குச் சாம்பிராணி காட்டுற மாதிரி அம்புட்டு அன்பாக் காய்ச்சுனாங்க. கல்லா இருந்த முட்டி தளந்து கொடுக்கும்னு பாத்தா அது அசையல. மேல இருந்த ஒடம்புதான் லேசாகி லேசாகி, அவரு தோள்ல கைய வச்ச பூவாயிக்கு, கோலமாவுப் பொட்டலத்துல கைய வச்ச மாதிரி உள்ள அமுங்குச்சு. காத்து அடிச்சா காது மடல்லேருந்து பொடி பறந்துச்சு.

அய்யாக்கண்ணு அதிர்ந்து பேசுற ஆளில்ல. அன்னிக்குப் பேசினாரு.

"என்னை என்ன பண்ணலாம்னு இருக்கீங்க எல்லாரும்? நல்ல மாவா இருந்தேன், புடிக்குது. அதுக்காவ செத்த மாவா இருடாங்குறீங்களா? சட்டியில ஒரு நாளும் செத்த மாவு எடுத்ததில்ல நான். என்னையே எடுக்கச் சொல்றீங்களே, நாயமா?"

பிச்சப்புள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. பூவாயி கட்டிலுக் கால ஒரு பக்கம் புடிச்சா, ராசாம்பா மறுபக்கம் புடிச்சா, வூட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க.

அதுக்கப்புறம் ஊருக்குப் பழகிப் போச்சு. ஊருன்னா அப்பிடித்தான், எழவு வூட்டுலயும் எட்டு நாளைக்கு மேல எவன் அழுவுறான்? கொடத்த மூடின முந்தானைங்க ஒண்ணொண்ணா நழுவுச்சு. ஒருத்தி மறந்த மாதிரி வாசத் தெளிச்சா, அடுத்த நாளு தெருவே தெளிச்சுச்சு. எலுமிச்சம்பழம் வர்றது நின்னு போச்சு, ஊறுகாய்க்கு வேணும்ல. ஊரு இப்ப வேற ஒண்ணப் பத்திப் பேச ஆரம்பிச்சுது: எப்பிடியும் கல்லாவப் போறாரு, என்ன கோலத்துல ஆனா நல்லாருக்கும்? கைகூப்பி நிக்க வச்சா ஊரு எல்லையில, ரோட்டோரமா வைக்கலாம், வர்றவன் போறவன் பாப்பான், ஊருக்கு ஒரு பேரு. ஒரு கைய நீட்டி வச்சா பஸ்சு நிறுத்தத்துல வைக்கலாம், நிக்காத பஸ்செல்லாம் நிக்கும். பூவாயி காதுபடவே பேசினாங்க. கெட்டவங்க இல்ல அவங்க. மாவு புடிக்கிறதுக்குள்ள அச்ச முடிவு பண்ணணும், புடிச்சப்புறம் பேசிப் பிரயோசனம் இல்லங்குறது அவங்க தொழிலு. "வண்டிக்குச் சொல்லி வச்சிருக்கோம் பூவாயி, நீ கவலப்படாத"ன்னு பிச்சப்புள்ள ஆறுதலா வேற சொன்னாரு.

புருசனத் தனியா வுட்டுட்டுச் சாக்பீஸ் கொட்டகைக்கு வேலைக்குப் போவ முடியலன்னு பூவாயி அச்சுப் பலகைங்கள வூட்டுக்கே எடுத்தாந்து வச்சிருந்தா. மாவுல தண்ணி கலக்குறத மட்டும் அவரு கண்ணுல படாம, கொல்லைப்பக்கம் போயி, கொட்டாங்கச்சி மோதுற சத்தம்கூட வராமக் கலக்கிக் கொண்டாந்து ஊத்துவா. ஐப்பசி பொறந்துச்சு. வெள்ளைமேட்டுல மழையே பெய்யாம எத்தன ஐப்பசி போயிருக்கு, அந்த வருசம்னு பாத்து வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. வூட்டுக் கூரையில தார்ப்பாய் போட்டா, கட்டிலுக்கு மேல தார்ப்பாய் போட்டா, அவரு காதுல பஞ்ச வச்சு அடைச்சா. அடைச்ச பஞ்சையும் தாண்டி மழை கேட்டுச்சு.

"பேயுது"ன்னாரு அய்யாக்கண்ணு.

"இல்லங்க, காத்து"ன்னா.

"எனக்குத் தெரியாதா புள்ள."

கொல்லையில முட்டளவு தண்ணி. அங்க போயி எங்க கலக்குறது? அன்னிக்கு அனுப்ப வேண்டிய சரக்கு கெடந்துச்சு. வேற வழியில்லாம வூட்டுக்குள்ளயே, அவரு பக்கம் முதுகத் திருப்பி உக்காந்து, தொட்டியில மாவக் கொட்டித் தண்ணிய ஊத்துனா. மாவு தண்ணியக் குடிக்கிறப்ப ஒரு சத்தம் வரும், கன்னுக்குட்டி மடியில முட்டிக் குடிக்கிற சத்தம் மாதிரி, மொச்சு மொச்சுன்னு. வருசக்கணக்காக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போன சத்தம் அது. அன்னிக்கு அவளுக்கு முதுகு முழுக்கக் கேட்டுச்சு. திரும்பல. திரும்பாமலே தெரிஞ்சுச்சு, அவரு பாத்துக்கிட்டிருக்காருன்னு.

"ஏம் புள்ள"ன்னாரு. "மாவுக்கெல்லாம் தண்ணி குடுக்குற. எனக்குக் குடுக்க மாட்டேங்குற. நான் என்ன பாவம் பண்ணுனேன்?"

கோவமாக் கேட்டிருந்தா அவ தாங்கிருப்பா. கொழந்த கேக்குற மாதிரி கேட்டாரு. கண்ணுலேருந்து வெள்ளப் பொடி கொட்டி, கன்னத்துல கோடு இழுத்துக்கிட்டு மடியில விழுந்துச்சு. அந்த மனுசனுக்கு அழக்கூடத் தண்ணி இல்ல. அய்யோ, நான் யாரக் காப்பாத்திக்கிட்டிருக்கேன், எதுக்குக் காப்பாத்திக்கிட்டிருக்கேன்னு பூவாயிக்குத் தோணுச்சு. சித்திரையிலேருந்து ஐப்பசி வரைக்கும் புருசன் கேட்ட தண்ணிய இல்லன்னு சொன்ன பாவி நான்தான்னு, கலக்குன மாவ அப்பிடியே போட்டுட்டு எந்திரிச்சா. எந்திரிச்சு வெளிய போயி, கூரையிலேருந்து கொட்டுற மழைத் தண்ணிய மாவு கலக்குற கொடம் நெறையப் புடிச்சாந்தா.

"எப்பிடி இறுவப் போறீங்க, நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?"ன்னு கேட்டா. கேட்டுத்தான ஆவணும்.

"உக்காந்தே இருக்கேன். சட்டி முன்னாடி நின்னு நின்னு ஓஞ்சு போச்சு."

"ஊரு வண்டியோட வந்து ஒங்களத் தூக்கிட்டுப் போயி ரோட்டுல வச்சுருவாங்க."

"நீ கையப் புடிச்சுக்க. அப்புறம் எப்பிடித் தூக்குவாங்க?"

அதக் கேட்டதும் அவளுக்கு எங்கேருந்தோ ஒரு தெம்பு வந்துச்சு. ஆமா, கையக் குடுப்பேன், கையோட சேந்து இறுகட்டும், வண்டியில ஏத்தணும்னா என்னையும் சேத்து ஏத்தட்டும், இல்ல என் மணிக்கட்ட வெட்டிட்டு ஏத்தட்டும். கட்டிலுக்குக் கீழ, அவரு காலடியில உக்காந்தா. கல்லுக்காலுல ஒரு பக்கம் சாஞ்சுக்கிட்டா. எடது கைய அவரு வலது கைக்குள்ள குடுத்தா. சோத்துக் கையால கொடத்துத் தண்ணியச் சொம்புல மொண்டு அவரு வாயில வச்சா.

குடிச்சாரு. அய்யய்யோ, எப்பிடிக் குடிச்சாரு! ஒரு கெணறே உள்ள இறங்குற மாதிரி குடிச்சாரு. தொடை இறுகுச்சு, வலது காலு இறுகுச்சு, இடுப்பு இறுகுச்சு, எடது கை இறுகுச்சு, வேட்டி மடிப்பு தெரிய வயிறு இறுகுச்சு. "இனிக்குது புள்ள"ன்னாரு. எலுமிச்சம்பழம் புழியாத தண்ணி, இனிக்காம என்ன செய்யும்? அவ ஊத்த ஊத்த அவரு குடிச்சாரு. அப்புறம் அவ புடிச்சிருந்த கை சூடாக ஆரம்பிச்சுது. கல்யாணத்தன்னிக்கு மணவறையில புடிச்ச கை இப்பிடித்தான் சுட்டுச்சுன்னு நெனச்சா. சூடு ஏறுச்சு, வெரலெல்லாம் உப்பி அவ கையச் சுத்தி இறுக்கிப் புடிச்சுது, வலிச்சுது, அந்த வலி அவளுக்கு வேண்டியிருந்துச்சு.

"இன்னும் கொஞ்சம்"ன்னாரு. குடுத்தா. கழுத்துல தண்ணி எறங்குற சத்தம் நின்னு போச்சு. ஒதட்டுல ஒரு சொட்டுத் தங்கி இருந்துச்சு, அதுவும் அப்பிடியே வெள்ளையா இறுகுச்சு. மொகத்துல அம்புட்டு நிம்மதி. சொம்பக் கீழ வச்சுட்டு, அந்தச் சூடு ஆறக்கூடாது ஆறக்கூடாதுன்னு பூவாயி மாரியாத்தாளக் கும்புட்டுக்கிட்டே கெடந்தா. புடிச்ச மாவுல சூடு நிக்குமா? மெதுவா ஆறுச்சு. மண்ணு சில்லிடுற மாதிரி சில்லிட்டுச்சு.

மழை வுட்டதும் ராசாம்பா வந்தா, அவ பின்னாடி பிச்சப்புள்ள வந்தாரு, அவரு பின்னாடி ஊரு வந்துச்சு. பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டாங்க. கல்லுக் கைக்குள்ள கையக் குடுத்துட்டு உக்காந்திருந்தவளப் பாத்து, "யக்கா, என்ன காரியம் பண்ணிட்ட"ன்னு ராசாம்பா வாயப் பொத்திக்கிட்டா.

"வண்டியத் திருப்பி அனுப்பிச்சிருங்க"ன்னா பூவாயி. "வெட்டிக்கிட்டுத்தான் கொண்டு போவணும்."

"எந்திரிக்கா மொதல்ல, காலு மரத்துப் போயிருக்கும்"ன்னு ராசாம்பா அவ தோளத் தொட்டா. தொட்டதுதான், இழுக்கக்கூட இல்ல. மணிக்கட்டு லேசாத் திரும்புச்சு, பூவாயியோட கை வழுக்கிக்கிட்டு, ஒரு சிராய்ப்பு இல்லாம, அச்சுலேருந்து சாக்பீஸ் வர்ற மாதிரி வெளிய வந்துருச்சு.

பூவாயி கையப் பாத்தா. கை மினுமினுன்னு இருந்துச்சு. கடலை எண்ணெய் வாசம். சாக்பீஸ் அச்சுல மாவு ஒட்டாம வரணும்னு எண்ணெயில கைய முக்கி அச்சுக்குத் தடவிட்டுத்தான் ஊத்துவாங்க, இறுவப் போற எதையும் எண்ணெய் இல்லாமத் தொடமாட்டாங்க. அவ கட்டிலுக்கிட்ட உக்காந்தப்ப எண்ணெய்க் கிண்ணம் பக்கத்துல இருந்துருக்கு. மனசு நெனைக்கல, கை அது பாட்டுக்கு முக்கியிருக்கு. எப்ப முக்குச்சு? அவளுக்கே தெரியல. அய்யாக்கண்ணோட கைக்குள்ள அவ கை இருந்த எடம் பள்ளமா இருந்துச்சு, ரேகை உட்பட, கண்ணாடி வளையல் அழுந்துன தடம் உட்பட, ஒரு கொறையில்லாம.

"நல்லா வந்திருக்கு"ன்னு பிச்சப்புள்ள வாய் தவறிச் சொல்லிட்டு, நாக்கக் கடிச்சுக்கிட்டாரு.

பூவாயி கைய மறுபடியும் அந்தப் பள்ளத்துக்குள்ள வச்சா. பொருத்தமா உள்ள போச்சு. வெரல வளைச்சு, பல்லக் கடிச்சு, மாட்டிக்க, மாட்டிக்கன்னு அழுத்துனா. இழுத்துப் பாத்தா. வந்துச்சு. பொடவையில எண்ணெயத் தொடச்சு, மண்ணுல தேச்சு, மறுபடி வச்சா. வெளிய வண்டிக்காரன் மாட்ட அதட்டுற சத்தம் கேட்டுச்சு, அவ வச்சு வச்சு இழுத்தா. ஒவ்வொரு தடவையும் கை நோவாம வந்துச்சு.